வாணக்காரர் ஜாமீன் கொடுத்த மரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவழியாகப் போனவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். என் பக்கத்து வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் கையில் பித்தளைச் செம்பு. ஒருவர் இடுப்பில் மண்குடம். தெருக்கோடி அரிசிக்கடைக்காரர் ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

எதற்கு? பாலுக்கா? மோருக்கா?

இல்லை, குழந்தைகளே. பாத்திரம் கழுவின அழுக்குத் தண்ணீருக்கு.

அந்த வீட்டுக்காரர் பெயர் மீரான். வாணக்காரர். திருவிழா, கல்யாண ஊர்வலம், தீபாவளி எதுவாயிருந்தாலும் ஆகாயத்தில் பூப்பூவாகச் சிதறுகிற வாணம் செய்து கொடுக்கிறவர். அவர் மருந்து கலக்குகிற தொட்டிகளையும் சட்டிகளையும் கழுவி ஊற்றுகிற தண்ணீருக்குத்தான் இத்தனை கிராக்கி.

"எங்க வீட்டு மாமரம் சும்மாவே நிக்குது மீரான். ஒரு டின்னு குடுத்தாப் போதும்" என்கிறார் அரிசிக்கடைக்காரர்.

"அண்ணே, இது சட்டி கழுவுன தண்ணி. மரம் பட்டுப்போச்சுன்னா என்னைய வந்து பிடிக்கக் கூடாது."

"பட்டாப் படட்டும். இப்ப மட்டும் என்னத்த வாழுது? ஊத்து."

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற ஒரு மரம். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் மரங்களைத் தெரியும் — 'இன்னும் பூக்கவில்லை' என்று நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி பேச்சியம்மாளின் தம்பி சொக்கலிங்கம் பினாங்கில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறான். ஒரு தடவை லீவில் வந்தபோது கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து ரயில் ஏறி, மதுரையில் இறங்கினான். எல்லோரும் அக்காளுக்குச் சீனப்பட்டு வாங்கி வருவார்கள். இவன் ஒரு கித்தான் பையை நீட்டினான். உள்ளே ஈரத் தேங்காய் நாரில் சுற்றின இரண்டு குச்சிகள்.

"மச்சான், இது லிச்சி. இது லாங்கன். அங்க ஒரு சீனத் தோட்டக்காரன்கிட்ட ஒரு மாசம் கெஞ்சி வாங்குனேன்."

"பட்டு எங்கடா?" என்றாள் பேச்சி.

"அக்கா, பட்டு கிழிஞ்சுரும். இது உன் பேரன் காலம் வரைக்கும் காய்க்கும்."

"என் பேரனுக்கு நீ இப்பவே பழம் வாங்கிட்டியா. சரி."

இரண்டும் பதியன் கன்றுகள். பதியன் என்றால் தெரியுமா? தாய்மரத்துக் கொம்பில் சுற்றிவரப் பட்டையைச் சீவிவிட்டு, அந்த இடத்தில் ஈரமண்ணை வைத்துக் கட்டிவிடுவார்கள். மண்ணுக்குள் வேர் இறங்கினதும் கொம்பை அறுத்து எடுத்துவிட வேண்டியதுதான். விதை போட்டு வளர்ப்பதைவிட இது சீக்கிரம் காய்க்கும் என்பார்கள். எங்கள் வீட்டு மரங்களுக்கு அந்தச் செய்தி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பழம் எப்படி இருக்கும் என்று சொக்கலிங்கம் சொல்லச் சொல்ல என் மகள் மீனாட்சி வாயைத் திறந்தபடி கேட்டாள். லிச்சிக்குச் சொரசொரவென்று சிவப்புத் தோல். லாங்கனுக்குப் புளியங்கொட்டை நிறத்தில் தோல், கோலிக்குண்டு அளவு. இரண்டுக்கும் உள்ளே வெள்ளை வெளேரென்று நுங்கு மாதிரிச் சதை. லாங்கன் கொட்டை கருகருவென்று மின்னும், அதில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பார்த்தால் கண் நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்குமாம்.

அவ்வளவுதான். மறுநாளே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் கண்பழம் காய்க்கப் போகிறது.

நான் என்ன பெரிய தோட்டக்காரனா? பசுமலையில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு நூல் கடையில் வேலைக்குப் போனவன். ஆனால் செய்யவேண்டியதைச் செய்தேன். கண்மாயிலிருந்து வண்டல்மண் வண்டியில் கொண்டுவந்து கொட்டினேன். மக்கின சாணம் போட்டேன். நம் ஊர் வெயில் தெரியுமே... கன்றுக்கு நாலு பக்கமும் தென்னங்கீற்று கட்டினேன். அப்படியும் மேல்காற்று அடித்தால் லிச்சி இலையின் ஓரமெல்லாம் சுட்ட அப்பளமாகிவிடும். அது குளிர்ப் பிரதேசத்துப் பிள்ளை, பாவம். குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஈரத்தில் அதை வைத்தேன். லாங்கன் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. அதைச் சுவரோரமாகக் கிணற்று மூலையில் வைத்தேன். மளமளவென்று வளர்ந்து மதிலைத் தாண்டிவிட்டது.

வளர்ந்தது. வளர்ந்தது. வளர்ந்துகொண்டே இருந்தது. பூ?

பள்ளிக்கூடத்தில் மீனாட்சியை மற்றப் பெண்கள் விடவில்லை. "ஏண்டி, உங்க மரத்துல கண்ணு முழிச்சிருச்சா, இன்னும் தூங்குதா?"

இப்படியிருக்கையில்தான், இந்த வருஷம் மாசி மாதம், பேச்சியின் அப்பா சோழவந்தானிலிருந்து சொல்லி அனுப்பினார். சினைமாடு ஒன்று தருகிறார். செவலை. சித்திரைத் திருவிழா முடிந்ததும் ஓட்டிவிடுவார். கைப்பிள்ளைக்காரிக்கு வீட்டிலேயே பால் இருக்க வேண்டாமா? நியாயம்தானே. எங்கள் சின்னப் பயலுக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை.

மாடு வந்தால் கொட்டகை வேண்டும். எங்கள் கொல்லையோ கையளவு. ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் குளிக்கிற இடம். கொட்டகை போட இருக்கிற ஒரே மூலை — லாங்கன் நிற்கிற மூலை.

பேச்சி சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளைக்குப் பால் வேணுமா, உங்களுக்கு இலை வேணுமா?"

 திருவிழா முடிவதற்குள் பூத்தால் மரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெட்டிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். மீனாட்சி அன்று சாப்பிடவில்லை. போதாததற்குப் பங்குனியில் மரம் இலையை வேறு உதிர்க்க ஆரம்பித்தது. காலையில் எழுந்து பார்த்தால் அடியில் மஞ்சள் மஞ்சளாக ஒரு பாய் விரித்தமாதிரி இருக்கும். எறும்பா? கரையானா? வேரைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. நம் பக்கத்தில் காய்க்காத மரத்துக்குச் செய்கிற சடங்கு உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோபக்காரர், ஒருவர் சமாதானக்காரர். கோபக்காரர் அரிவாளை ஓங்கி, 'காய்க்காத உன்னை வெட்டிப் போடுகிறேன்' என்று மரத்தை மிரட்டுவார். சமாதானக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்து, 'விட்டுவிடுங்கள், இனிமேல் காய்க்கும், நான் ஜாமீன்' என்பார். மரம் பயந்துபோய்க் காய்க்கும்.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்கிறீர்களா? பாதி உண்டு. மீதிப் பாதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மரத்துக்கு இருந்தால் போதும் என்று இறங்கினேன்.

சித்திரை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை. நான் கோபக்காரன். பேச்சி சமாதானக்காரி. மீனாட்சி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள்.

"ஏ மரமே" என்று ஆரம்பித்தேன். "வண்டல் போட்டேன். சாணம் போட்டேன். நான் குடிக்கிற தண்ணிய உனக்கு ஊத்துனேன். ஒரு பூ, ஒரே ஒரு பூ காட்டுனியா நீ? இம்புட்டு நாளு பொறுத்தாச்சு. இனிப் பொறுக்க மாட்டேன். இந்தா வெட்டப் போறேன்."

அரிவாளை ஓங்கிப் பட்டையில் லேசாக ஒரு கொத்துக் கொத்தினேன். மறுபடி ஓங்கினேன். இந்த இடத்தில் பேச்சி ஓடிவர வேண்டும்.

வரவில்லை.

கடைக்கண்ணால் பார்த்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"வெட்டப் போறேன்" என்றேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"வெட்டுங்க" என்றாள்.

"இந்தா... நீ சொல்ல வேண்டியது அது இல்ல."

"தெரியும். மனசுல இல்லாதத எப்படிச் சொல்றது? மரத்துக்குத் தெரிஞ்சுபோகாதா?"

"நான் சொல்றேன்ப்பா" என்று மீனாட்சி முன்னால் வந்தாள். "விட்ருங்கப்பா, காய்க்கும்ப்பா, நான் ஜாமீன்."

"சின்னப்பிள்ளை ஜாமீன் செல்லாது" என்றாள் அவள் அம்மா. "நாளைக்கு இது பூக்கலைன்னா உன்னையவா பிடிச்சுக் கேக்க முடியும்?"

குழந்தைகளே, ஓங்கின அரிவாளோடு நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்களா? கீழே போட்டால் மரத்துக்கு முன்னால் மானம் போகும். போடாவிட்டால் தோள்பட்டை போகும்.  மரம் ஒரு இலையைப் பொத்தென்று என் தலையில் போட்டது.

அப்போது மதிலுக்கு மேல் ஒரு தலை முளைத்தது. மீரான்.

"அண்ணே, வெட்டாதீங்க. நான் ஜாமீன்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. நல்ல வேளையாக ஒரு நடிகர் கிடைத்தார். "யாரு சொன்னாலும் விட மாட்டேன்" என்று என் பாகத்தை ஜோராகத் தொடர்ந்தேன்.

"மரத்து மேல தப்பு இல்லண்ணே. தப்பு எம்மேல."

இது சடங்கில் இல்லாத வசனம். நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் நடிக்கவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எங்க வீட்டுச் சாக்கடை மாசியில இருந்து அடைச்சுக் கெடக்குண்ணே. திருவிழா வேலை தலைக்கு மேல. ஆள் வச்சு எடுக்க நேரமில்ல. சட்டி கழுவுன தண்ணி பூராத்தையும் இந்தச் செவுத்தோரமாத்தான் ஊத்துறேன். இந்தப் பக்கம் உங்க மரத்து வேரு இருக்கும்னு புத்தி போகல. இலை கொட்டக் கொட்டத்தான் எனக்கு உறைச்சுச்சு. சொல்லவும் பயம். சோறு எறங்கல."

"என்ன சட்டி?" என்றேன் நான்.

"மருந்துச் சட்டிண்ணே. வெடியுப்பு, கந்தகம், கலர் வாணத்துக்குப் போடுற வெள்ளை உப்பு, எல்லாந்தான்."

நான் அரிவாளோடு ஒரு அடி பின்னால் வந்தேன். பேச்சி மூன்று அடி வந்தாள்.

"அப்ப இந்த மரத்துக்குள்ள பூரா வெடிமருந்தா?" என்றாள்.

"அப்பா" என்றாள் மீனாட்சி, "நீங்க இப்பத்தான அதை இரும்பால கொத்துனீங்க."

எல்லோரும் அந்தக் கொத்தின இடத்தையே பார்த்தோம். அதிலிருந்து ஒரு சொட்டுப் பால்மாதிரி ஏதோ கசிந்தது. பேச்சி ஓடிப்போய்ச் சின்னப் பயலை வாங்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

"மீரான் தம்பி, நெசமாச் சொல்லு. வெட்டுனா வெடிக்குமா?"

மீரான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மரம் வெடிச்சதா நான் கேள்விப்பட்டதில்ல மதினி. எங்க அத்தா காலத்துலயும் நடந்ததில்ல. ஆனா வெடிக்காதுன்னு அல்லா பேருல சத்தியம் பண்ணச் சொன்னா... பண்ண மாட்டேன்."

அது போதும். பேச்சி அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அந்த மரத்துல இனி இரும்பு படக் கூடாது. அடுப்புக்கும் அந்த விறகு வேணாம். மாடு வர்ற வரைக்கும் அப்படியே நிக்கட்டும்."

"மாடு வர்றதுக்குள்ள அது பிழைச்சு நல்லா வரலைன்னா" என்றார் மீரான், "நானே வேரோட எடுத்துட்டு, அந்த எடத்துல கொட்டகையும் போட்டுத் தாரேன் மதினி. என் செலவு. இதுக்குத்தான் ஜாமீன்."

காய்க்காத மரத்தைப் பயமுறுத்தப் போனோம். மரம் எங்களைப் பயமுறுத்தி அனுப்பிவிட்டது. எது எப்படியோ, அரிவாள் உள்ளே போயிற்று.

மறுநாளிலிருந்து மீரான் ஒரு காரியம் செய்தார். உப்பைக் கழுவிவிட வேண்டுமாம். தன் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து மதில்மேலாக மரத்தடியில் ஊற்றினார். காலையில் ஊற்றுவார். வேலை முடிந்து வந்து ஊற்றுவார். எங்கள் கொல்லை நெல் நடுகிற வயல் மாதிரி ஆகிவிட்டது. பேச்சி பாத்திரம் துலக்கப் போனால் சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

திருவிழாவும் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டம் எங்கள் தெரு வரைக்கும் நெரிந்தது. இருட்டினதும் மீரானின் வாணங்கள் ஒவ்வொன்றாக ஏறின. பச்சை, சிவப்பு, தங்கப் பொடி... ஜனங்கள் ஆவென்று அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த வாணத்துக்குத் திரி கிள்ளுகிற இடைவெளியில், கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து அவர் கேட்டார்: "அண்ணே, மரம் எப்படியிருக்கு?"

"நின்னுக்கிட்டு இருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல? அதன் பக்கம் தலையைத் தூக்கிப் பார்க்கவே எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. தண்ணீர் ஊற்றுகிற மீரானும் குனிந்து வேரைத்தான் பார்த்தார். சாகக்கிடக்கிற சொந்தக்காரரைப் போய்ப் பார்க்காமல் தள்ளிப்போடுவோமே... அந்த மாதிரி.

திருவிழா முடிந்தது. மாமனார் சொல்லி அனுப்பிவிட்டார்: நாளை மாடு புறப்படுகிறது. மீரான் சொன்ன சொல்லுக்கு மண்வெட்டியும் கடப்பாறையுமாக இரண்டு ஆட்களைப் பேசி வைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மீனாட்சி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சேறு படுவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சி ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குக் கால் ஊன்ற அளவு எடுக்கப் போனாள். சுவர்ப் பக்கம் அளந்தாள். கிணற்றுப் பக்கம் அளந்தாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. மேல தேனீ கூடு கட்டியிருக்கு போல. என்ன சத்தம் பாருங்க. இந்த மருந்து வாடையிலயுமா வந்து கட்டும்?"

நான் போய் அண்ணாந்து பார்த்தேன். கூடா? எங்கேயிருக்கிறது கூடு?

கூடு இல்லை. உச்சி முழுக்கப் பூ.

ஒரு பூ இரண்டு பூ இல்லை, குழந்தைகளே. ஒவ்வொரு கொம்பு நுனியிலும் முழ நீளத்துக்கு, கம்பங்கதிரைப் பிரித்துவிட்ட மாதிரி, சந்தன நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். இலை தெரியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், மீரான் வீட்டு ஓட்டுக்கு மேலேயும் சாய்ந்து கிடக்கின்றன. மதுரையிலுள்ள தேனீ எல்லாம் அங்கேதான் இருந்தது. காதுக்குள் ரயில் எஞ்சின் ஓடுகிறமாதிரி ரீங்காரம்.

நான் என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. துண்டைச் சுழற்றிக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினேன் என்று மீனாட்சி சொல்கிறாள். சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன் என்று பேச்சி சொல்கிறாள். வேட்டியின் நிலையைப் பார்த்தால் இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது — மீரானைக் கூப்பிட்டேன். அவர் வாசல் வழியாக வரவில்லை. மதில்மேல் ஏறிக் குதித்தே வந்துவிட்டார்.

வந்தவர் மேலே பார்த்தபடி நின்றார். 

"அண்ணே" என்றார் அப்புறம், "நான் விடுற பூ மனுசன் கண்ணச் சிமிட்டி முழிக்கறதுக்குள்ள அணைஞ்சுரும். இது பாருங்க, அப்படியே நிக்குது."

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னப் பயலை என் மகள் இடுப்பிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பயல் ஒரு பூங்கொத்தைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துவிட்டான். அதற்கும் சிரித்தோம்.

சரி, மாடு?

எல்லோரும் பேச்சியைப் பார்த்தோம். கையில் கயிறு இன்னும் இருந்தது. அவள் மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். மறுபடி அளந்தாள், இந்தத் தடவை மரத்தையும் சேர்த்து. "கூரையில ஒரு ஓட்டை விட்டாப் போச்சு" என்றாள். "மரம் பாட்டுக்கு மேல போகட்டும், மாடு பாட்டுக்குக் கீழ நிக்கட்டும்."

பார்த்தீர்களா? இத்தனை நாளும் யாருக்கும் தோன்றவில்லை. மரம் பூக்கிற வரையில் மூளையும் பூக்காது போலிருக்கிறது.

மரத்தை எடுக்க வந்த ஆட்களே கொட்டகையைப் போட்டார்கள். நடுவில் மரம், சுற்றிலும் கீற்று. மழை பெய்தால் அடிமரத்தோடு தண்ணீர் வழிந்து மாட்டின் முதுகில் விழும். செவலை அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆடியில் நல்லபடியாகக் கன்றும் போட்டது.

மரம் பூத்தது தெரிந்ததும் ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். ஏன் பூத்தது? அரிவாளுக்குப் பயந்து பூத்தது என்றார் அரிசிக்கடைக்காரர். மருந்துத் தண்ணீரில் பூத்தது என்றார் இன்னொருவர். பினாங்கிலிருந்து சொக்கலிங்கம் எழுதினான்: 'நான் கொண்டுவந்த கன்று சோடை போகுமா?' மாடு வருகிற யோகம் என்றார் மாமனார். 'நான் ஜாமீன் சொன்னேன்ல' என்கிறாள் மீனாட்சி. நான் போட்ட வண்டல்மண்ணைப் பற்றி — நீங்கள் நம்பமாட்டீர்கள் — ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. பூக்காத வரைக்கும் அது என் மரம். பூத்த பிறகு அது தெருவின் மரம். உலகத்தில் எல்லாமே இப்படித்தானோ?

உண்மைக் காரணம் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அதே மருந்துத் தண்ணீரை லிச்சிக்கும் ஊற்றிப் பார்த்தோம். அது ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. கூடப்பிறந்த மாதிரி வளர்ந்த இரண்டில் ஒன்று சந்தோஷக் கூத்தாடுகிறது, ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வேண்டுமானால் அரிசிக்கடைக்காரரின் மாமரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒன்று மட்டும் ரொம்பக் கண்டிப்பாகச் சொல்லுகிறேன்: மீரான் வைத்திருக்கிற உப்புகளை நீங்கள் விரலால்கூடத் தொடக் கூடாது. அவரே பயந்து பயந்துதான் தொடுகிறார்.

இனிப் பழத்துக்கு வருவோம்.

காய் கொத்துக் கொத்தாகப் பிடித்தது. வௌவாலுக்குப் பயந்து பேச்சியின் பழஞ்சேலையைக் கிழித்துக் கொத்துகளுக்கெல்லாம் மூட்டை கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் சலவைக்குப் போகிற மாதிரி இருக்கும். காய் பெருக்கப் பெருக்கக் கொம்புகள் தாழ்ந்தன. மூங்கில் கழியால் முட்டுக் கொடுத்தேன்.

போன வாரம் முழுக்க வீட்டில் ஒரே வழக்கு. முதல் கொத்து யாருக்கு? அழகர்கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும், வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள் பேச்சி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அந்தப் பெண்கள் கண்ணில் காட்ட வேண்டும் என்றாள் மீனாட்சி. ஜாமீன் கொடுத்த மீரானுக்குத்தான் நியாயம் என்றேன் நான். கடைசியில் அழகருக்கே என்று முடிவாயிற்று. கொட்டகைக்குள் தாழ்ந்திருந்த கொத்துதான் முதலில் பழுத்திருந்தது. அதைப் பறிக்க, முந்தாநாள் காலையில், புது ஓலைப்பெட்டியோடு எல்லோரும் போனோம். மீரானும் மதில்மேல் வந்து நின்றார்.

கொட்டகைக்குள் நுழைந்தால்... மூட்டை கட்டின சேலைத்துணி கீழே கிடக்கிறது. செவலை வாயை அசைத்துக்கொண்டிருக்கிறது. பரம நிதானமாக. பழத்தைத் தோலோடு சேர்த்து.

"அடிப்பாவி" என்றாள் பேச்சி. பெட்டியைக் கீழே போட்டாள். "அழகருக்கு வச்சத எல்லாம் தின்னுட்டு நிக்குதே. என்னங்க, இதை இன்னைக்கே எங்க அப்பா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருங்க. இந்த மாடு எனக்கு வேணாம்."

சித்திரையில் மாட்டுக்காக மரத்தை வெட்டச் சொன்னவள் இவள்தான். நான் இதைச் சொல்லிக் காட்டவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

"மதினி, கோவிச்சுக்காதீங்க" என்றார் மீரான் மதில்மேலிருந்து. "பசுமாடு அழகரு வீட்டு ஆளுதான? அவருக்கு நேராப் போய்ச் சேந்துருச்சுன்னு வச்சுக்கங்க."

பேச்சி அவரை முறைத்தாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

மாடு ஏதோ நினைத்துக்கொண்டு தலையை உதற, வாயிலிருந்து ஒரு பழம் உடையாமல் உருண்டு மீனாட்சி காலடியில் விழுந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. எடுத்தாள். தொட்டித் தண்ணீரில் கழுவினாள். தோலை உரித்தாள். முத்து மாதிரி ஒரு உருண்டை. வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படிடீ இருக்கு?" என்றோம் மூன்று பேரும்.

 கண்ணை மூடிக்கொண்டாள். மெள்ளக் கொட்டையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். கருகருவென்று, வெள்ளைப் புள்ளியோடு அது எங்களைப் பார்த்தது.

"அப்பா" என்றாள், "ஏணிய எடுத்துட்டு வாங்க."

மாடு எங்கேயும் போகவில்லை. மரத்திலும் மேலே ஏராளமாக இருந்தது. கோவிலுக்கு ஒரு பெட்டி போயிற்று, பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி போயிற்று, மீரான் மதில்மேலேயே உட்கார்ந்து தன் பங்கைத் தின்று முடித்தார். எனக்கும் நாலைந்து கிடைத்தது. கற்கண்டில் பன்னீர் தெளித்த மாதிரி... இல்லை, எழுத வரவில்லை. தின்றுதான் பார்க்க வேண்டும்.

வீட்டில் லாங்கன் வளர்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரே ஒரு யோசனை: தாழ்ந்த கொம்புகளைச் சின்னதிலேயே கழித்துவிடுங்கள். மாட்டின் நாக்கு நாம் நினைப்பதைவிட நீளம்.